"நாளையிலிருந்து வராதே" என்று சொன்ன பிறகு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பம்புசெட் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறை. அப்பா தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். பதிவேட்டில் 16 பேர். வாரக் கூலிக்கு வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் 5 பேர். ஏழு ஆண்டுகளாக இருந்த ஒரு டர்னர் (லேத்தில் கடைசல் வேலை செய்பவர்) சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு செய்தார். முதலாளி கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று பதில் போட்டால் போதுமா? எங்களைப் போன்ற சிறு முதலாளிக்குத் தொழிலாளர் சட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்தப் பதிலை மட்டும் போடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இந்த வாரமே செய்ய வேண்டியது ஒரு கடிதம். "இன்ன தேதியிலிருந்து நீங்கள் பணிக்கு வரவில்லை. உங்களை நாங்கள் பணிநீக்கம் செய்து எந்த உத்தரவும் கொடுக்கவில்லை. இன்ன தேதிக்குள் பணியில் சேருங்கள்" என்று தமிழில், தேதி போட்டு, அவருடைய வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். (பதிவுத் தபாலைத் தேடாதீர்கள். 2025-இல் அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.) நகலை அந்த வக்கீலுக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவர் வந்தால் உள்ளே விடுங்கள். கேட்டில் நிறுத்தி "ஐயா வரட்டும்" என்று வாட்ச்மேன் சொன்னால் அனுப்பிய கடிதம் பொய்யாகிவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்த்திருக்கிறேன். உள்விசாரணைகளில் விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பெயர் வைப்பதில். வவுச்சர் ஆள், டிரெய்னி, கான்ட்ராக்ட், சூப்பர்வைசர், படி, அட்வான்ஸ், "அவரே நின்றுவிட்டார்" என்று விதவிதமாகப் பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரே தங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். வேலை வாங்கியது யார், சம்பளம் கொடுத்தது யார், உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான் சட்டம் கேட்கும். உங்கள் பட்டறையில் எந்தெந்தப் பெயர்கள் நிற்காது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு செய்தி. 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. ஊதியத் தொகுப்பு 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020-இல். உங்கள் அப்பா காலத்தில் பழகிய தொழிற்சாலைச் சட்டம், போனஸ் சட்டம், பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் எல்லாம் இவற்றுக்குள் போய்விட்டன. சட்டத்தின் அட்டை மாறியதே என்று அலற வேண்டாம், உள்ளே இருக்கும் கணக்கில் பெரும்பகுதி பழையதுதான். மாறிய இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள், உதாரணமாக 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் போன்றவை தனி.

இனி தலை எண்ணுவோம். உங்களுக்கு முக்கியமான எண்கள் இரண்டு: 10, 20. பத்துப் பேர் ஆனதும் இ.எஸ்.ஐ., பணிக்கொடை, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்குழு, எழுத்தில் நியமனக் கடிதம் எல்லாம் வந்துவிடும். இருபது ஆனதும் பி.எஃப்., சட்டப்படியான போனஸ், குறைதீர்ப்புக் குழு சேர்ந்துகொள்ளும். மோட்டார் ஓடும் பட்டறைக்குப் புதிய தொகுப்பில் "தொழிற்சாலை" என்ற பட்டமும் 20 பேரில்தான். முன்பு 10-ஆக இருந்தது. 50, 300 என்று மேலே வேறு எண்களும் உண்டு. குழந்தைகள் காப்பகம் 50-இல் வரும். ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி 300-இல் வரும். அது 100-ஆக இருந்ததைத்தான் இப்போது உயர்த்தியிருக்கிறார்கள். அந்த இரண்டும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் 16 என்று எண்ணுகிறீர்கள். நான் 21 என்று எண்ணுகிறேன். பி.எஃப். அலுவலகமும் 21 என்றுதான் எண்ணும். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தாலும் அவர்கள் உங்கள் லேத்தில், உங்கள் சூப்பர்வைசர் சொல்கிற வேலையை, உங்கள் ஷிப்ட் நேரத்தில் செய்கிறார்கள். பி.எஃப். அமலாக்க அதிகாரி வந்தால் மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) மட்டும் புரட்டிவிட்டுப் போவார் என்று நினைக்காதீர்கள். ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கை வாங்கி, "கூலி" என்ற தலைப்பில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். பி.எஃப். கட்டிய சம்பளம் ஒரு தொகை, வருமான வரிக்குக் காட்டிய கூலி வேறொரு தொகை என்றால், நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குப் பெயர் கேட்பார். வரியைக் குறைக்க எழுதிய வவுச்சரே அங்கே சாட்சியாக நிற்கும்.

பி.எஃப். என்பது தொழிலாளியிடம் 12 சதவீதம், உங்களிடம் 12 சதவீதம். உங்கள் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகும். கட்டாய வரம்பு மாதம் 15,000 ரூபாய் ஊதியம். இதில் பலருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக்கு முன்பே நீங்கள் உட்பட்டிருக்க வேண்டும் என்று முடிவானால், பழைய பாக்கியில் தொழிலாளியின் பங்கையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அப்போது பிடிக்காமல் விட்டதை இப்போதைய சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தனி, தாமதத்துக்கான அபராதம் தனி. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஆள் 12 ஆகக் குறைந்தாலும் வெளியே வர முடியாது.

ஏற்கெனவே கட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. தொழிலாளியிடம் பிடித்த பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று, அன்றிருந்த வருமான வரிச் சட்டப்படி, 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு நாள் சோம்பலுக்கு அவ்வளவு விலை இருந்தது.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. "மூன்று மாதம் பார்ப்போம், நின்றால் பதிந்துகொள்வோம்." இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. நான்காவது நாள் பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்றைக்கே பதிய முடியுமா" என்று கேட்டார். பதியலாம், ஆனால் விபத்து நடந்த நேரத்தையும் பதிந்த நேரத்தையும் கணினி காட்டிக் கொடுத்துவிடும். வேலைக்கு வந்த முதல் நாளே பதிந்திருந்தால் மருத்துவம், விடுப்புக் காலச் சம்பளம், ஊன ஓய்வூதியம் எல்லாம் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு நீங்கள் கொடுப்பது ஊதியத்தில் 3.25 சதவீதம், அவர் கொடுப்பது 0.75 சதவீதம். மாத ஊதியம் 21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

அடுத்த பெயர் "படி". உங்கள் டர்னரின் சம்பளத்தை நீங்கள் பிரித்திருக்கும் விதத்தைப் பார்த்தேன். மொத்தம் 26,000. அடிப்படைச் சம்பளம் 8,000, வீட்டு வாடகைப்படி 10,000, பயணப்படி 8,000. எந்தப் பயணம் என்று கேட்கப் போவதில்லை. அவர் வீடு பட்டறைக்குப் பின் தெருவில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வித்தையைப் பலர் பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். அடிப்படையைச் சின்னதாக்கினால் பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சின்னதாகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் "சிறப்புப் படி"யும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே இதன் ஒரு கால் உடைந்தது. ஊதியத் தொகுப்பு மறுகாலையும் உடைத்துவிட்டது.

இப்போதைய விதி இது: ஊதியத்தில் சேராது என்று ஒதுக்கும் படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த அதிகப்படி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் கணக்கில் படிகள் 18,000. பாதி என்பது 13,000. மிச்சம் 5,000-ஐ அடிப்படையோடு கூட்டினால் ஊதியம் 13,000.

இதைப் பணிக்கொடையில் போட்டுப் பாருங்கள். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி 8,000-த்தை வைத்தால் ஏழு ஆண்டுக்கு 32,300 சொச்சம். சட்டப்படி 13,000-த்தை வைத்தால் நாள் ஒன்றுக்கு 500, ஆண்டுக்கு 7,500, ஏழு ஆண்டுக்கு 52,500. இந்த 52,500 அவர் நின்றாலும் நிறுத்தினாலும் அவருடையது. நஷ்டஈடு, சமரசம் என்று என்ன பேசினாலும் இதை அதில் கழிக்க முடியாது. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பது பொது விதி. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவே போதும் என்று 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "ஐந்து ஆண்டு ஆகும் முன் அனுப்பிவிடு" என்று மேனேஜர்களுக்குக் காதில் சொல்லும் முதலாளிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி எடுத்த ஆளுக்கு இப்போது ஓர் ஆண்டிலேயே பணிக்கொடை உண்டு. இறந்துபோனாலோ ஊனமுற்றாலோ எந்தக் கால வரம்பும் இல்லை.

சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். ஆளை விலக்கினாலும் அவரே ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள். ராஜினாமா செய்தவருக்கும் இந்த இரண்டு நாள் விதி என்பது புதிது. "நோ டியூ வாங்கி வா, அடுத்த மாதம் ஏழாம் தேதி வா" என்று அலைக்கழிக்கும் பழக்கத்துக்கு இனி இடமில்லை. உடைந்த டூலுக்குப் பணம் பிடிக்க வேண்டுமானால் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டிவிட்டு நான்கு மணி நேரத்துக்குச் சாதாரணக் கூலி கொடுப்பது இந்த ஊரில் சர்வ சாதாரணம் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் ஏறும். போன வருடத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து அதன்படி கொடுக்காதீர்கள்.

விடுமுறை எளிது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் மாற்று விடுப்பும். எது வேண்டும் என்று தேர்வு செய்வது தொழிலாளி, நீங்கள் அல்ல.

தீபாவளி போனஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 21 தலை என்றாகிவிட்டதால் அது இனி உங்கள் மனத்தைப் பொறுத்தது அல்ல. போனஸுக்கான சம்பள வரம்புக்குள் வரும் எல்லாருக்கும், ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால், குறைந்தது 8.33 சதவீதம். அதற்கு மேல் இனிப்புப் பெட்டியும் வேட்டியும் கொடுப்பது உங்கள் அப்பாவின் வழக்கம், தொடருங்கள்.

இப்போது டர்னருக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு தொழிலாளியை அனுப்பச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை, உங்களுக்கு ஆள் வேண்டாம். ஓராண்டுக்கு மேல், அதாவது 240 நாளுக்கு மேல் பணியாற்றியவர் என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். இவை பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தன, புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. மேலதிகமாக, மறுபயிற்சி நிதிக்கு 15 நாள் சம்பளம் நீங்கள் கட்ட வேண்டும். இரண்டாவது கதவு, அவர் தவறு செய்தார். அதற்கு உள்விசாரணை வேண்டும். நீங்கள் போனது மூன்றாவது வழி. அங்கே கதவே இல்லை, சுவர்தான்.

"அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்ற பெயர் ஏன் உதவாது என்று சொல்கிறேன். 1993-இல் டி.கே. யாதவ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராவிட்டால் தானாகவே பணி போய்விடும் என்று அந்த நிறுவனத்தின் நிலையாணையிலேயே (பணி விதிகளிலேயே) இருந்தது. அவர் வந்தேன், கேட்டில் விடவில்லை என்றார். நிறுவனம் வரவில்லை என்றது. விசாரணை நடத்தாமல், அவர் சொல்வதைக் கேட்காமல் அந்த விதியைப் பயன்படுத்தியது செல்லாது என்று சொல்லி, வேலை இல்லாதிருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளத்தோடு அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். எழுதப்பட்ட நிலையாணை வைத்திருந்த நிறுவனத்துக்கே அந்தக் கதி. வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நிற்கும் நீங்கள் அதைவிடப் பலவீனமான இடத்தில் இருக்கிறீர்கள். அதோடு, நீங்கள் "வராதே" என்றபோது பக்கத்து லேத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான் விசாரணைக்குப் போன ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், ஒரு ஸ்பின்னரின் பெயருக்கு நேரே 11 நாள் ஆப்சென்ட் என்பதற்கு "ஆ" போட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான் அவருடைய பணிநீக்கம். ஒரு கடிதம் இல்லை, மெமோ இல்லை. அந்த மனிதர் உண்மையாகவே ஒழுங்கில்லாதவர். அதற்கு முன் மூன்று முறை குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்திருக்கிறார். ஆனால் அந்த மூன்று முறைக்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. வழக்கு நடந்த ஆண்டுகளில் மேனேஜர் இரண்டு பேர் மாறினார்கள். கடைசியில் ஆலை கொடுத்த பணத்தில் அவர் ஒரு ஆட்டோ வாங்கினார்.

சரி, டர்னர் வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசரைத் திட்டியதற்கு அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமா? எடுக்கலாம். முதலில் குற்றச்சாட்டு மெமோ. இதை எழுதத் தெரியாததால் கெட்ட விசாரணைகள்தான் அதிகம். "நீங்கள் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது, வசவு. "இன்ன தேதி காலை 10.40 மணிக்கு, மூன்றாம் எண் லேத் அருகே, அளவு தவறிய ஷாப்ட்டைச் சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்தபோது, இன்னார் இன்னார் முன்னிலையில், நீங்கள் இன்ன சொற்களைச் சொன்னீர்கள், கையிலிருந்த காலிப்பரைத் தரையில் எறிந்தீர்கள்" என்று எழுத வேண்டும். அவர் சொன்ன சொல் எதுவாக இருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று நாகரிகமாக எழுதினால் எது என்று கேட்பார்கள். அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். உங்கள் பட்டறையில் பீகார், ஒடிசா பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆங்கிலத்தில் மெமோ கொடுத்துக் கைரேகை வாங்குவது விளையாட்டுத்தனம். விளக்கம் எழுத நியாயமான அவகாசம் கொடுங்கள்.

விளக்கம் திருப்தி தரவில்லையா, விசாரணை அதிகாரியை நியமியுங்கள். அந்தச் சூப்பர்வைசர் அல்ல, நீங்களும் அல்ல. நீங்கள் இருவரும் சாட்சிகள். சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டும், வெளி ஆளாகவும் இருக்கலாம். தொழிலாளி தனக்கு உதவியாக ஒரு சக தொழிலாளியைக் கூட்டிவரக் கேட்டால் விடுங்கள். சாட்சி பேசும்போது அவர் எதிரிலேயே பேச வேண்டும், அவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாருடைய கையெழுத்தும். அவர் வரவே இல்லை என்றால் நோட்டீஸ் அனுப்பியதற்கான ரசீதோடு அவர் இல்லாமலே நடத்தலாம். அறிக்கை வந்ததும் அதன் நகலை அவருக்குக் கொடுத்து, அதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் தண்டனை. நகல் கொடுக்க வேண்டும் என்பது 1990-இல் ரம்ஜான் கான் வழக்கிலும் 1993-இல் கருணாகர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

விசாரணை முடியும் வரை அவரை உள்ளே விடாமல் வைக்க வேண்டுமானால் எழுத்தில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யுங்கள், பிழைப்பூதியம் கொடுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் இழுத்தால் முழுச் சம்பளம். இழுக்காதீர்கள் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு தண்டனை என்ன? ஏழு ஆண்டில் முதல் தடவை, ஒரு வாய்த்தகராறு. வேலையை விட்டு எடுப்பது அதிகம் என்று எந்தத் தீர்ப்பாயமும் சொல்லும். எச்சரிக்கைக் கடிதம், அல்லது சில நாள் சம்பளமில்லாத் தற்காலிகப் பணிநீக்கம் போதும். அந்தக் கடிதத்துக்குப் பயன் உண்டு. அடுத்த முறை நடந்தால் "முன்பு எச்சரித்தோம்" என்று காட்டத் தாள் இருக்கும்.

சூப்பர்வைசர் என்று சொன்னதும் நினைவு வருகிறது. "அவரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டேன், அவருக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது" என்பது இன்னொரு பெயர் விளையாட்டு. மேற்பார்வை வேலையோடு மாதம் 18,000-க்கு மேல் வாங்குகிறவர்களும், உண்மையான நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் தொழில் உறவுகள் தொகுப்பின் "தொழிலாளி" வரையறைக்கு வெளியே. ஆனால் லீவு கொடுக்கவோ ஆளை மாற்றவோ அதிகாரம் இல்லாமல், நாள் முழுவதும் தானும் லேத்தில் நிற்கிறவரை வெள்ளைச் சட்டை போட்டுச் சூப்பர்வைசர் என்று அழைத்தால் அவர் தொழிலாளிதான். அதோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை எல்லாம் மேனேஜருக்கும் பொருந்தும். அவற்றுக்குப் பதவி முக்கியமில்லை.

வவுச்சர் ஆட்கள் ஐந்து பேரையும் "கான்ட்ராக்ட்" என்று மாற்றலாமா என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். கான்ட்ராக்டர் யார்? உங்கள் சூப்பர்வைசரின் மச்சான். அவருக்கு வேறு வேலை இல்லை, வேறு வாடிக்கையாளர் இல்லை, கருவி இல்லை. சனிக்கிழமை உங்களிடம் பணம் வாங்கி ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். காகிதத்தில் இருக்கும் கான்ட்ராக்ட் விசாரணையில் ஒரு மணி நேரம் நிற்காது. உண்மையான கான்ட்ராக்டராகவே இருந்தாலும், அவர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். அந்த ஐந்து பேரையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், நியமனக் கடிதம் கொடுங்கள். மலிவான வழி அதுதான்.

நீங்கள் கேட்காமல் விட்டவற்றில் இன்னும் இரண்டு. பர் (கடைசலில் எழும் பிசிறு) எடுக்கும் பிரிவிலும் பேக்கிங்கிலும் பெண்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் பத்துப் பேருக்கு மேல் என்பதால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்குழு கட்டாயம். தலைவராகப் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு இல்லாவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அபராதம் போகட்டும், புகார் வரும் நாளில் குழு இல்லை என்றால் அந்தப் பெண் அதை யாரிடம் சொல்வது? "எங்கள் பட்டறையில் அப்படி எதுவும் நடக்காது" என்று பல முதலாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்ல ஓர் இடம் இருந்தால்தானே நடந்தது தெரியும். பேறுகால விடுப்பு 26 வாரம், இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.தான் தருகிறது, உங்கள் பெட்டியிலிருந்து போவதில்லை. கல்யாணமான பெண் வேண்டாம் என்று நேர்முகத்தில் சொல்லும் மேனேஜருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று அட்வான்ஸ். வெளியூர்ப் பையன்களுக்கு 20,000, 30,000 கொடுத்து, தீரும் வரை போகக் கூடாது என்று ஆதார் அட்டையையோ அசல் சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொள்வது. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கலாம், உரிமையியல் வழக்குப் போடலாம். ஆளைப் பிடித்துவைக்க முடியாது. கடனுக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடுவதற்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறை என்று பெயர் வைத்திருக்கிறது. அது குற்றவியல் சட்டம். வருவது லேபர் ஆபீசர் அல்ல, கோட்டாட்சியர். உங்கள் பீரோவில் யாருடைய அசல் சான்றிதழாவது இருந்தால் நாளைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திரும்ப அந்த நோட்டீஸுக்கு வருகிறேன். கடிதம் போனதும் மூன்றில் ஒன்று நடக்கும். அவர் வந்து சேரலாம். வந்தால் இந்த மூன்று வாரச் சம்பளம் பற்றிப் பேசி முடியுங்கள், பிறகு மெமோ கொடுப்பதா என்று ஆறிய மனத்தோடு முடிவெடுங்கள். அல்லது அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கலாம், பணம்தான் வேண்டும் என்பார். அப்போது பணிக்கொடை 52,500, ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், ஆண்டுக்கு 15 நாள் வீதம் ஏழு ஆண்டுக்கான நஷ்டஈடு, விடுப்புப் பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சமரச அதிகாரி முன் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குவதை நம்பாதீர்கள். மூன்றாவது, வராமலும் பதில் போடாமலும் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். 45 நாளில் அங்கே முடியாவிட்டால் அவர் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே முதல் நாளே உங்கள் வக்கீல் கேட்கும் தாள் இந்தக் கடிதத்தின் நகலாகத்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் சூப்பர்வைசரையும் தனியாக உட்காரவைத்து, அன்று முதலில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது.